சாமானுக்கு முன்னே வரும் செய்தி

புறக்கோட்டையில் லொறி புறப்பட முன்பே நமதூர்க் கடை முதலாளியின் வட்ஸ்அப்புக்குச் சாமான் பட்டியல் வந்து விடுகிறது. சீனி எத்தனை மூடை, பருப்பு எத்தனை மூடை என்று தெரிந்த பிறகுதான் அவர் இறக்குவதற்கு ஆள் பிடிக்கிறார். இதையே பெரிய கம்பனிகள் கணினியிலிருந்து கணினிக்கு அனுப்புகின்றன. ஏ.எஸ்.என். என்று அதற்குப் பெயர். அதாவது, சாமான் வந்து சேர முன் அனுப்பும் அறிவித்தல். இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், நாம் ஒரு முற்றுகைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1948 ஜூன் மாதம் சோவியத் படைகள் மேற்கு பேர்லினுக்குப் போகும் வீதி, புகையிரதம், நீர்வழி எல்லாவற்றையும் மூடின. உள்ளே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மா முதல் நிலக்கரி வரை அத்தனையும் ஆகாய வழியாகத்தான் வர வேண்டும். நிலக்கரியை விமானத்தில் ஏற்றுவதை யோசித்துப் பாருங்கள்! வந்த சாமானில் பெரும்பங்கு அதுதான். 1949 ஏப்ரலில் ஒரு நாள், 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 1,400 விமானங்கள் சுமார் 13,000 தொன்னைக் கொண்டுவந்து சேர்த்தன. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பத்திரத்தோடு வந்தால் யார் நின்று வாசிப்பது? எட் கில்பேர்ட் என்ற அமெரிக்கச் சார்ஜன்ட்டும் அவருடன் இருந்தவர்களும், எல்லாச் சுமைக்கும் பொதுவான ஒரே மாதிரிப் பட்டியலை உருவாக்கினார்கள். டெலெக்ஸ், வானொலி, தொலைபேசி என்று எதிலும் அதை அனுப்பலாம்.

பின்னர் அவர் டுபொன்ட் கம்பனியில் சேர்ந்து, இரசாயனம் ஏற்றும் பவுசர்களுக்கும் அதே வழியைக் கொண்டுவந்தார். 1965இல் ஹொலண்ட் அமெரிக்கா கப்பல் கம்பனி தன் சரக்குப் பட்டியலை அத்திலாந்திக்குக்கு அப்பால் டெலெக்ஸில் அனுப்பியது. அது துளையிட்ட நாடாவாக மாற்றப்பட்டுக் கணினிக்குள் போனது. 1975இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கான முதல் பொதுவிதிகள் அச்சாகின. ஐ.நா.வின் எடிஃபக்ட் விதிமுறை 1987இல் வந்தது. பிறகு பெட்டியில் ஒட்டும் 18 இலக்கப் பட்டைக் குறியீடும் சேர்ந்துகொண்டது. இப்போது பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்து, முன்னே வந்த அறிவித்தலோடு ஒப்பிட்டால் போதும்.

ஒப்பிட்டது பொருந்தாவிட்டால்? பெரிய கடைகள் பல, அனுப்பியவரின் பில்லிலேயே அபராதத்தைக் கழித்துக்கொள்கின்றன. பசித்த நகரத்துக்காகப் பிறந்த பட்டியல், இன்று வாங்குபவரின் கையில் பிரம்பாகவும் இருக்கிறது என்றே நமக்குப் படுகிறது.

நம்மிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பிள்ளை, ஆடைத் தொழிற்சாலையொன்றில் அந்த ஸ்டிக்கர்களை ஒட்டுகிறாள். ஒருமுறை இரண்டு பெட்டிகளின் ஸ்டிக்கர் மாறிவிட்டதாம். கொன்டெய்னர் மூட இன்னும் சில மணித்தியாலம்தான். அடுக்கிய பெட்டிகள் எல்லாவற்றையும் இறக்கி, திரும்ப எண்ணி முடிக்கும்போது சுபஹு பாங்கு கேட்டதாகச் சொன்னாள்.