சிறப்பு ழகரமும் செக்ரோலும்

ஒரு மொழியைப் பிறிதொரு வரிவடிவில் எழுதுங்கால் தோன்றும் சிக்கல் ஒலியியல் சார்ந்தது மட்டுமன்று. எவ்வொலி வேறுபாடு பேணப்பட வேண்டும், எது கைவிடப்படலாம் என்பதை யார் தீர்மானிக்கின்றனர் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. உரோமன் எழுத்தில் ழகரம் பெற்ற வடிவங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் கிறித்தவ சமய நூலில் தமிழ் உரோமன் எழுத்திலேயே அச்சேறிற்று. பின்னர், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் லகரத்துக்கு 'எல்' எழுத்தும், ளகரத்துக்கு அதன் கீழ் ஒரு புள்ளியும், ழகரத்துக்கு அதன் கீழ் ஒரு கோடும் வழங்கின. தமிழகத்துக் 'கழகம்' ஆங்கிலத்தில் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளால் ழகரத்தைக் காட்ட, இலங்கையின் 'யாழ்ப்பாணம்' வெறும் 'எல்'லோடு அமைந்தது. அகராதியில் மூன்றாக நின்ற ஒலிகள் அலுவலகத்தில் ஒன்றாயின.

இவ்விழப்பின் சமூகப் பொருளை மலையகத்திற் காணலாம். 'டிக்கோயா' என்பது நீண்ட ஓடை எனப் பொருள்படும் சிங்களப் பெயர். டகரம் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய மரபு. எனினும் தொழிலாளர் அப்பெயரைத் தம் வழக்கில் இயல்பாக ஏற்றனர். பிறர் சொல்லை அவர்கள் தம் நாவுக்கு இசைவித்தனர். அவர்தம் பெயர்களோ தோட்டத்து ஆபீசில் பிறர் கைப்பட உரோமன் எழுத்துக்கு மாறின. வள்ளியும் வல்லியும் ஒரே வடிவாயின. மறுதலையாக, பழனியாண்டி என்னும் ஒரே பெயர், 'எல்' ஒற்றையா இரட்டையா, ஈற்றில் 'ஐ'யா 'வை'யா என்பதற்கேற்பப் பலவாயிற்று.

தோட்ட வழக்கில் 'பேர்' என்பது ஒருநாள் வேலைக்கான கூலிப்பதிவையும் குறிக்கும் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. குறித்த அளவு கொழுந்து பறியாதோர்க்கு 'அரைப்பேர்' விழும். செக்ரோலுக்கு வேண்டியிருந்தது உழைப்பின் கணக்கு; உச்சரிப்பின் நுட்பமன்று.

அந்த அசட்டை 1948க்குப் பின் புதிய கனம் பெற்றது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரி 1க்கு முன், மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு கோரியது. பிறப்புப் பதிவில் ஒருவகையாகவும் தோட்டப் பதிவில் வேறுவகையாகவும் எழுதப்பட்ட பெயர்கள் ஒருவருக்கே உரியன எனக் காட்டும் சுமை, அவற்றுள் எதனையும் தன் கையால் எழுதியிராத தொழிலாளிமீது விழுந்தது. உரிமை மறுப்பின் மூலகாரணம் எழுத்துக்கூட்டல் என்பது எமது வாதமன்று. 1947 தேர்தலில் வெளிப்பட்ட தொழிலாளரின் வாக்குப் பலத்தை முறிக்கும் வர்க்க நோக்கே மூலகாரணம். எழுத்துக்கூட்டல் அந்நோக்குக்கு வாய்த்த கருவிகளுள் ஒன்று.

அவ்வாறாயின் ழகரத்துக்குரிய கோட்டைப் பதிவேட்டிற் சேர்த்திருந்தாற் போதுமா? போதாது. தென்மாவட்டப் பேச்சுவழக்குகள் பலவற்றில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கும். அங்கிருந்து வந்தோரிடையே பழனி 'பளனி'யாதல் இயல்பு. அதனை இழிவழக்கென்று கருதிச் சிறப்பு ழகரத்தைத் தமிழின் பெருமையெனப் போற்றும் கற்றோர் குழாமும் தொழிலாளியின் நாவைக் கேட்டதில்லை.

தாய்வானின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு மிஷனரிமார் வகுத்த உரோமன் முறையில், 'ஓ' எழுத்தின் வலப்புற மேற்பகுதியில் இடப்படும் ஒரு புள்ளி, இரு உயிரொலிகளை வேறுபடுத்துகிறது. 1885இல் தோமஸ் பார்க்லே தாய்னானில் தொடங்கிய திருச்சபைப் பத்திரிகை இவ்வெழுத்திலேயே வெளிவந்தது. நோக்கம் சமயப் பரப்பலேயாயினும், சீன எழுத்துகளைக் கற்கும் வாய்ப்பற்ற எளியோர் அப்புள்ளியைத் தாமே எழுதக் கற்றனர். 1942இல் யப்பானிய ஆட்சியில் அப்பத்திரிகை நிறுத்தப்பட்டது. 1960களின் இறுதியில் குவோமிந்தாங் அரசு அவ்வெழுத்து வடிவைத் தடுத்தது. மக்கள் கையிலிருந்த எழுத்தையே அதிகாரம் அஞ்சிற்று.

லெக்சிகனின் கோட்டுக்கு அத்தகைய பகை நேரவில்லை. அது நூலகத்தை விட்டு வெளியேறவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. ஆயினும் பழைய பதிவேடுகளில் திரிந்து கிடக்கும் பெயர்கள் அவ்வாறே உள்ளன. மலையக வரலாற்றை எழுதப் புகுவோர் அப்பெயர்களை அச்சிட்டவாறே பெயர்த்தெழுதாது, அவற்றுக்கு உரியோரின் வழித்தோன்றல்களிடம் கேட்டு எழுதுதல் வேண்டும்.