மகரக்கட்டு உடைந்த பிறகு

1940களின் தொடக்கத்தில் தமிழ் சினிமா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒன்று எம்.கே. தியாகராஜ பாகவதர் கட்சி, மற்றது பி.யு. சின்னப்பா கட்சி. யார் குரல் உசத்தி என்பதே சண்டை. அவர்களைப் பற்றி இன்று எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்தச் சண்டையையே தொடர்கிறார்கள். என்னைக் கேட்டால், குரலுக்கு அப்பால் யாரிடம் என்ன கையிருப்பு இருந்தது என்று பார்ப்பதே பயன் தரும்.

இருவரும் பிள்ளைப் பருவத்திலேயே மேடை ஏறியவர்கள். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், எஃப்.ஜி. நடேச ஐயரின் நாடகத்தில் லோகிதாசனாக வந்தார். பிறகு முறையாகச் சங்கீதம் கற்றார். புதுக்கோட்டைச் சின்னப்பாவை வளர்த்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அங்கே ஒரு பையனின் மதிப்பு அவன் தொண்டையில் இருந்தது. மகரக்கட்டு உடைந்தால், அதாவது பருவ வயதில் குரல் மாறிவிட்டால், ராஜபார்ட் என்ற கதாநாயக வேஷம் இன்னொருவனுக்குப் போய்விடும். சின்னப்பாவுக்கும் அதுதான் நடந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தவர் சங்கீதத்தையும் விடவில்லை, அதோடு சிலம்பமும் குஸ்தியும் பழகினார். குரல் ஒருநாள் கைவிடும் என்பது அவருக்கு மீசை அரும்பும் வயதிலேயே தெரிந்துவிட்டது. பாகவதருக்கு அந்த அனுபவமே வாய்க்கவில்லை.

இந்த வித்தியாசம் படங்களில் பளிச்சென்று தெரியும். 1934இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’யில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். அதில் அர்ஜுனனாக வந்த பாகவதர், 1937இல் அம்பிகாபதி, 1939இல் திருநீலகண்டர், 1943இல் சிவகவி என்று வேஷம் மாற்றினாலும், ஜனங்கள் பார்க்கப் போனது பாகவதரைத்தான். பாபநாசம் சிவனின் பாட்டு, ஜி. ராமநாதனின் இசை, அந்தத் தோளில் புரளும் கிராப்பு, இவை போதும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், அந்தக் குரலின் வசியம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

சின்னப்பாவோ வேறொருவராக மாறிக்கொண்டே இருந்தார். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திர’னில் (1940) இரட்டை வேடம். தமிழில் அதுவே முதல். ‘ஆர்யமாலா’வில் காத்தவராயன், ‘கண்ணகி’யில் கோவலன். ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) ஒரு கச்சேரிக் காட்சி வரும்: பாடுகிறவரும் அவர், பக்கவாத்தியக்காரர்களும் அவர். 1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடம். வாள் சுழற்றும் கையும் பாடும் வாயும் ஒரே ஆளுடையதாக இருந்தது அன்று பெரிய அதிசயம்.

1944 நவம்பரில் ‘இந்து நேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் கொலையானார். அந்தக் கொலை வழக்கில் அடுத்த மாதம் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் விடுதலை. சிறைதான் பாகவதரை வீழ்த்தியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். வெளியே வந்தபோது அவர் குரல் அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது சினிமா. பின்னணிப் பாடல் வேரூன்றிவிட்டது; நடிக்கிறவர் பாட வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. சொந்தமாக எடுத்த ‘ராஜமுக்தி’ (1948) ஓடவில்லை. (அந்தப் படத்துக்கு வசனம் எழுதப் புனே போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோய் முற்றித் திரும்பி அந்த ஆண்டே இறந்தார். அதை நினைக்காமல் என்னால் அந்தப் படத்தைக் கடக்க முடிவதில்லை.) ‘அமரகவி’ வந்த 1952லேயே ‘பராசக்தி’யும் வந்தது. கொட்டகைகளில் கைதட்டல் இப்போது வசனத்துக்கு.

அந்த மாற்றத்தைச் சின்னப்பா தாண்டியிருப்பாரா? கத்திச் சண்டையும் பல வேடமும் கைவசம் இருந்ததால் தாண்டியிருப்பார் என்றே நம்புகிறேன். நிரூபிக்க வழியில்லை. 1951 செப்டம்பரில், 35 வயதில், அவர் போய்விட்டார். பாகவதர் கச்சேரி மேடைகளில் தொடர்ந்து பாடி, 1959 நவம்பர் முதல் தேதி மறைந்தார். 49 வயது. மொத்தம் 14 படங்கள். கடைசிப் படம் ‘சிவகாமி’ வெளிவந்தது இறந்த பிறகு.

இருவரின் சொத்தும் வாரிசுகளிடம் பங்கு பிரிந்தே போனது. ‘அசோக்குமா’ரில் பாகவதரோடும் ‘ரத்னகுமா’ரில் சின்னப்பாவோடும் சிறு வேடங்களில் நடித்த எம்.ஜி.ஆர். வாளையும் இரட்டை வேடத்தையும் எடுத்துக்கொண்டார், பாட்டை எடுக்கவில்லை. பாகவதரைப் போலவே பாடிப் பழகிய டி.எம். சௌந்தரராஜனுக்கு, 1950இல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் முதலில் கிடைத்ததே பாகவதர் பாணிப் பாட்டுதான். 1958இல் சிவாஜி கணேசன் ‘உத்தம புத்திர’னை மறுபடி நடித்தபோது, சின்னப்பாவின் இரட்டை வேடம் அவருடையது, பாடிய குரல் சௌந்தரராஜனுடையது.