சேருமிடம் குறிக்காத வான்பயணத் தேடல்

சேருமிடம் குறிக்காத வான்பயணத் தேடல் என்பது, செல்லவேண்டிய ஊரை முன்கூட்டியே முடிவு செய்யாமல், புறப்படும் இடம், நாட்கள், செலவு வரம்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு மலிவான வானூர்திப் பயணச்சீட்டைக் கண்டறியும் முறை ஆகும். வழமையான தேடலில் ஊர் முதலிலும் கட்டணம் பின்னரும் வரும். இம்முறையில் கட்டணம் முதலில் பார்க்கப்பட்டு, ஊர் பின்னர் தெரிவு செய்யப்படுகின்றது. சுற்றுலா செல்வோருக்கே இது பெரிதும் பொருந்தும். இக்கட்டுரையில் தூத்துக்குடி, திரேஸ்புரம் பகுதியிலிருந்து புறப்படுவோரின் நிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் வான்பயணக் கட்டணங்களை அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதன்பின் ஒரே வானூர்தியின் இருக்கைகளைப் பல விலைகளில் விற்கும் முறை பரவியது. இந்தியாவில் 1994 இல் வான்கழகச் சட்டம் நீக்கப்பட்டது. 2003 இல் ஏர் டெக்கான் தொடங்கியபின் குறைந்த கட்டணச் சேவைகள் பெருகின. 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கத் தொடங்கியது.

பல நிறுவனங்களின் கட்டணங்களை ஒப்பிடும் வலைத்தளங்களும் இக்காலத்திலேயே தோன்றின. எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்கைஸ்கேனர், சேருமிடப் பெட்டியில் எவ்விடமும் என்னும் தெரிவை வழங்குகின்றது. 2011 இல் வெளியான கூகுள் பிளைட்ஸ், புறப்படும் ஊரிலிருந்து செல்லக்கூடிய ஊர்களின் கட்டணங்களை நிலப்படத்தில் காட்டுகின்றது.

கட்டணம் வேறுபடுவதன் காரணங்கள்

புறப்பட்டுவிட்ட வானூர்தியின் வெற்று இருக்கையை மீண்டும் விற்க இயலாது. எனவே நிறுவனங்கள் இருக்கைகளைப் பல கட்டண வகுப்புகளாகப் பிரித்து, மலிவான வகுப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையை மட்டும் விற்கின்றன. அது தீர்ந்ததும் அடுத்த வகுப்பின் விலை காட்டப்படும்.

நால்வருக்கு ஒன்றாகத் தேடும்போது மலிவான வகுப்பில் இரண்டு இருக்கைகளே எஞ்சியிருந்தால், பெரும்பாலான தளங்கள் நால்வருக்கும் உயர்ந்த விலையையே காட்டும். ஒருவருக்கும் இருவருக்கும் தனித்தனியே தேடிப் பார்ப்பது இதனை வெளிப்படுத்தும்.

பயணத் திசையும் முக்கியமானது. தீபாவளி, பொங்கல் ஆகியவற்றுக்கு முன்னர் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வருவோர் மிகுதி. எதிர்த்திசையில் செல்வோர் குறைவு. பண்டிகை முடிந்ததும் இந்நிலை தலைகீழாகும். ஆண்டுதோறும் சூலை 26 முதல் ஆகத்து 5 வரை நடைபெறும் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்கும் வெளியூர்களில் வாழ்வோர் திரும்பி வருவர். கூட்டம் செல்லும் திசைக்கு எதிராகப் பயணிப்பவருக்கே மலிவான இருக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தூத்துக்குடியிலிருந்து புறப்படுதல்

வாகைக்குளத்தில் அமைந்துள்ள தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் புதிய முனையம் 2025 சூலை 26 அன்று திறந்து வைக்கப்பட்டது. எனினும் அந்த ஆண்டில் இங்கு உள்நாட்டுச் சேவைகள் மட்டுமே இயங்கின. ஆகவே வெளிநாடு செல்வோர் பின்வரும் நிலையங்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்:

- மதுரை: சாலை வழியே சுமார் 135 கிலோமீட்டர். கொழும்பு, துபாய் முதலிய நகரங்களுக்குச் சேவைகள் உண்டு.
- திருவனந்தபுரம்: சுமார் 200 கிலோமீட்டர். வளைகுடா நகரங்களுக்கும் மாலைத்தீவுக்கும் ஏற்றது.
- திருச்சிராப்பள்ளி: சுமார் 270 கிலோமீட்டர். சிங்கப்பூர், கோலாலம்பூர் சேவைகளுக்குப் பெயர் பெற்றது. தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் முத்துநகர் விரைவுத் தொடருந்து இவ்வூர் வழியாகச் செல்கின்றது.

2011 சூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய பயணிகள் கப்பல் சேவை அதே ஆண்டிலேயே நின்றுபோனது.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். விசைப்படகுத் தொழிலில் உள்ளோருக்கு ஓய்வு கிடைப்பது இக்காலத்திலேயே. பள்ளி விடுமுறையும் இதே காலத்தில் வருவதால் கட்டணமும் உயர்ந்திருக்கும். நாளை மாற்ற இயலாத இத்தகையோருக்கு ஊரை மாற்றிக்கொள்வதே கட்டணத்தைக் குறைக்கும் வழியாகும்.

தேடும் முறை

நான்கு புறப்படும் நிலையங்கள், பத்து ஊர்கள், முப்பது புறப்படும் நாட்கள், தங்கும் காலத்துக்கு ஐந்து தெரிவுகள் எனக் கொண்டால் 6,000 சேர்மானங்கள் உண்டாகும். இவற்றைக் கையால் தேட இயலாது. எனவே தேடலைப் படிப்படியாகச் சுருக்குவது வழக்கம்:

1. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் எவ்விடமும் என்று தேடி, செலவு வரம்புக்குள் வரும் நான்கைந்து ஊர்களைக் குறித்துக்கொள்ளல்.
2. அவ்வூர்களுக்கு மாதம் முழுவதற்குமான கட்டண நாட்காட்டியைப் பார்த்தல்.
3. ஒரு நிலையத்தில் புறப்பட்டு வேறொன்றில் திரும்புவதையும் ஒப்பிடல். எடுத்துக்காட்டாக, மதுரையிலிருந்து சென்று திருவனந்தபுரம் வழியாகத் திரும்பலாம்.
4. கட்டணத்தை வான்சேவை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சரிபார்த்தல். விரிந்த தேடலில் தோன்றும் விலைகள் பெரும்பாலும் முந்தைய தேடல்களிலிருந்து சேமிக்கப்பட்டவை, அவை மாறியிருக்கக்கூடும்.

மொத்தச் செலவு

பயணச்சீட்டின் விலை மட்டும் செலவாகாது. பயணப்பொதி, இருக்கைத் தெரிவு, உணவு, நுழைவிசைவு, நிலையத்துக்குச் செல்லும் செலவு, இரவுத் தங்கல் ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். திருச்சிராப்பள்ளியில் ஒருவருக்கு 2,000 ரூபாய் குறைவு எனக் கொண்டால் நால்வர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் வாடகை மகிழுந்து வெறுமனே திரும்பும் தொலைவுக்கும் கட்டணம் பெறுமாயின், போக வரக் கணக்கிட வேண்டிய தூரம் 1,080 கிலோமீட்டர் ஆகும். சேமித்த தொகை அதிலேயே கரைந்துவிடும். தொடருந்திலோ பேருந்திலோ செல்வோருக்கே இது ஆதாயமாகும்.

இடர்கள்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், அங்கிருந்து வெளிநாட்டுக்கு வேறொரு சீட்டும் தனித்தனியே வாங்குவது சில வேளைகளில் மலிவாக அமையும். முதல் வானூர்தி தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. பயணி புதிய சீட்டு வாங்க நேரிடும். ஒரே முன்பதிவில் அமைந்த இணைப்புப் பயணத்தில் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனிச்சீட்டு வாங்குவோர் இடையில் ஓர் இரவு விட்டுச் செல்வது பாதுகாப்பானது.

மலிவான ஊருக்கு நுழைவிசைவு கிடைக்குமா என்பதைச் சீட்டு வாங்கும் முன்னரே அறிய வேண்டும். மாலைத்தீவு இந்தியருக்கு வந்திறங்கியபின் விசைவு வழங்குகின்றது. மலேசியா 2023 திசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாட்கள் வரை விசைவு விலக்கு அளித்தது. இது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. இவ்விதிகள் அடிக்கடி மாறுவன.

மலிவான சீட்டுகளை நீக்கினால் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. எனினும், இந்தியக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, நீக்கக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மேல்வரியும் சேர்ந்த தொகையை மிஞ்சக்கூடாது. பயணம் செய்யாதோருக்கும் அரசு வரிகளும் வானூர்தி நிலையப் பயனர் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். பலர் இத்தொகையைக் கேட்பதே இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

- தூத்துக்குடி வானூர்தி நிலையம்
- குறைந்த கட்டண வான்சேவை
- பயண நுழைவிசைவு