ஆடியும் குழியும்: ‘மிரர்ஸ் 2’ திரைப்படத்தின் தோல்வியும் சங்கரன்கோவில் ஸ்ரீசக்கரக் குழியும்

ஆய்வுச் சுருக்கம்

பேயுறையும் கண்ணாடியைக் கருவாகக் கொண்ட ‘மிரர்ஸ்’ (2008) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தொடர்ச்சியாக ‘மிரர்ஸ் 2’ (2010) வெளிவந்தது. முதற்படத்தில் கண்ணாடிக்குப் பின்னே ஒரு நோயாளியின் வரலாறும் அவளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் வரலாறும் இருந்தன. தொடர்ச்சிப் படம் அவ்விரண்டையும் நீக்கிவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டதே அதன் தோல்விக்குக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியிலுள்ள ஸ்ரீசக்கரக் குழி வழக்கத்தை ஒப்பீட்டுச் சான்றாகக் கொண்டு, பேய்க்கதையிலும் சமூக நடைமுறையிலும் ‘பிணியாளர்’ பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சங்கரன்கோவில், ஸ்ரீசக்கரக் குழி, கண்ணாடி, பேய்ப்படம், மனநலம், ஏர்வாடி.

முன்னுரை

பேய்ப்படங்களின் தொடர்ச்சிகள் பெரும்பாலும் ஏமாற்றம் தருவதற்குக் குறைந்த பொருட்செலவு, நடிகர் மாற்றம், வணிக நோக்கம் ஆகியன காரணங்களாகச் சொல்லப்படுவது வழக்கம். இவை உண்மையே எனினும் போதுமானவை அல்ல. ஒரு பொருள் அஞ்சத்தக்கதாக ஆவது எவ்வாறு என்னும் வினா இவற்றால் விடைபெறுவதில்லை. கண்ணாடி இயல்பில் அச்சம் தரும் பொருளன்று; அதனோடு பிணைந்த வரலாறே அதனை அவ்வாறு ஆக்குகிறது. அவ்வரலாறு அறுபடும்போது எஞ்சுவது வெறும் கருவியே. இக்கருத்தை முதலில் திரைப்படங்களின் வழியும், பின்னர் தென்தமிழக வழிபாட்டு வழக்கின் வழியும் நிறுவ முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடிப் படங்களின் வரலாறு

இவ்வரிசையின் மூலம் தென்கொரியாவில் கிம் சங்-ஹோ இயக்கிய ‘இன்டு தி மிரர்’ (2003) ஆகும். கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தைக் குற்றவாளி எனக் கருதிச் சுட்டதால் தன் துணைக் காவலரை இழந்த ஒருவரே அதன் தலைவர். ஆகவே அவருக்குக் கண்ணாடி முதலில் குற்றவுணர்வின் இடம். அதன் பின்னரே பேயின் இடம்.

அலெக்சாந்தர் அழா இயக்கிய ‘மிரர்ஸ்’ இக்கதையை அமெரிக்காவுக்கு மாற்றியது. தீயில் சிதைந்த ‘மேஃபிளவர்’ என்னும் பேரங்காடியில் முன்னாள் காவலர் ஒருவர் இரவுக் காவல் பணி ஏற்கிறார். அக்கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு மனநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே அன்னா எஸ்ஸகர் என்னும் சிறுமியை நாற்காலியில் கட்டி, நாற்புறமும் கண்ணாடிகள் சூழ்ந்த அறையில் அமர்த்திச் சிகிச்சை அளித்தனர். அவளைப் பற்றியிருந்த தீயசக்தி அவள் உடலை விட்டுக் கண்ணாடிகளுக்குள் புகுந்தது. அவள் நலம் பெற்றாள். பல்லாண்டுகள் கழித்து, தன் குடும்பத்தைக் காக்க வேண்டிய நாயகன், நலம்பெற்று மடத்தில் வாழும் அப்பெண்ணைத் துப்பாக்கி முனையில் அழைத்து வந்து மீண்டும் அதே நாற்காலியில் கட்டுகிறான். குணமடைந்த ஒருத்தி மீண்டும் நோய்க்குத் திருப்பித் தரப்படுகிறாள். குறைகள் பல உள்ள அப்படத்தின் உண்மையான கொடூரம் இதுவே.

விக்டர் கார்சியா இயக்கிய ‘மிரர்ஸ் 2’ திரையரங்குகளை நாடாது நேரடியாகக் குறுந்தகடாக வெளியிடப்பட்டது. கடையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தி வன்கொடுமைக்கு உள்ளாகி இறக்கிறாள். அவளது ஆவி கண்ணாடி வழியே குற்றவாளிகளைப் பழிவாங்குகிறது. மருத்துவமனையும் நாற்காலியும் சிகிச்சையும் இங்கே இல்லை. பழிவாங்கும் ஆவிக்குக் கண்ணாடியே வேண்டும் என்னும் தேவையும் இல்லை. கிணறோ தொலைபேசியோ அதே பணியைச் செய்திருக்கும். பொருள் தொடர்ந்தது, பொருளின் வரலாறு தொடரவில்லை.

தமிழ் மரபில் கண்ணாடி

கண்ணாடி இயல்பில் அச்சப்பொருள் அன்று என்பதற்குத் தமிழ் மரபு வலுவான சான்று. ஆடி, தட்டொளி என்னும் பழஞ்சொற்கள் இதனைக் குறிக்கும். திருப்பாவையில் நோன்புக்கு வேண்டும் பொருள்களுள் ஒன்றாகத் தட்டொளி இடம்பெறுகிறது. எண்வகை மங்கலங்களுள் கண்ணாடியும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வழிபடு பொருளாகவே உயர்ந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் வழிவந்தோர் கண்ணாடியின் முன் நின்று வழிபடுகின்றனர். 1872இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின் கண்ணாடியும் விளக்கொளியும் அமைந்தன. நாராயணகுரு 1927இல் கேரளத்தின் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். இம்மூவிடத்தும் கண்ணாடி, காண்போனை அவனுக்கே காட்டும் பொருள். எனவே இம்மரபில் பேயைக் குடியேற்றும் இடமாகக் கண்ணாடி வளரவில்லை. பேயை நீக்கும் இடத்தை வேறெங்கோ தேட வேண்டியுள்ளது.

சங்கரன்கோவில் ஸ்ரீசக்கரக் குழி

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதியம்மன் என மூன்று முதன்மைச் சந்நிதிகள் உள்ளன. சிவனையும் திருமாலையும் ஓருருவில் காண வேண்டி அம்மை தவமிருந்ததாகத் தலபுராணம் கூறும். ஆடித்தபசு விழா அதன் நினைவாகவே நிகழ்கிறது. சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் பெயரால் நாகசுனை போற்றப்படுகிறது. புற்றுமண் பிரசாதமாகவும் பிணிதீர்க்கும் மருந்தாகவும் கொள்ளப்படுகிறது.

கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னே ஸ்ரீசக்கரம் பதித்த சிறு குழி ஒன்று உண்டு. திருவாவடுதுறை ஆதீன மரபில் வந்த வேலப்ப தேசிகர் அதனை நிறுவினார் என்பது தல வழக்கு. பேய் பிடித்தோர் எனவும் சித்தம் கலங்கியோர் எனவும் கருதப்படுவோரை அக்குழியில் அமர்த்தி அம்மையை வேண்டுவர்.

திரைப்படத்துக் கண்ணாடி அறையும் இக்குழியும் அமைப்பில் ஒத்தவை: ஒரு பிணியாளர், அவருக்கென ஓர் இடம், அங்கு அமர்த்தும் உறவினர் அல்லது காப்பாளர், பிணி நீங்கும் என்னும் எதிர்பார்ப்பு. ஆயினும் வேறுபாடு அடிப்படையானது. திரைப்படத்தில் அறை மூடியது; சிறுமி தனியள்; கட்டப்பட்டவள். சங்கரன்கோவிலில் குழி பலரும் வந்து செல்லும் சந்நிதியின் முன் உள்ளது. பிணியாளர் குடும்பத்தார் சூழ, ஊரார் காண அமர்ந்து எழுகிறார். பிணியை அங்கேயே விட்டு வீடு திரும்புதல் அவ்வழக்கின் நிறைவு. கதையின் மையம் பேயன்று. திரும்பிச் செல்லும் மனிதர்.

இவ்வழக்கு நிலைத்தமைக்குச் சமூகக் காரணமும் உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் மனநோயாளர் காப்பகம் தொடங்கப்பட்டபோது, அது சங்கரன்கோவில் பகுதியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. எளிய குடும்பங்களுக்குக் கோயிலும் தர்காவுமே எட்டும் தொலைவில் அமைந்த புகலிடங்கள். தமிழகக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளரைக் குறித்து இரகுராம் முதலியோர் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

பிணியாளர் மறையும் கதைகள்

தமிழ்த் திரையிலும் இதே இழப்பு நிகழ்ந்துள்ளது. ‘சந்திரமுகி’ (2005) படத்தில் கங்காவின் துன்பம் ஒரு மனநோய். மனநல மருத்துவரும் மாந்திரீகரும் இணைந்து, பழி தீர்ந்ததாக அவள் நம்பும்படி ஓர் உருவபொம்மையை வைத்து அவளை மீட்கின்றனர். அதே இயக்குநரான பி. வாசுவின் ‘சந்திரமுகி 2’ (2023) ஆவியின் வருகையை மெய்யெனவே கொண்டது. அரண்மனை இருந்தது, நடனம் இருந்தது; மீட்கப்பட வேண்டிய கங்கா இல்லை. ஏமாற்றமளித்த படம் என அது பரவலாக மதிப்பிடப்பட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இது கலைக்குறை மட்டுமன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவைச் சூழ்ந்து இயங்கிய தனியார் இல்லங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது, 28 பேர் இறந்தனர். நலம் தேடி வந்த இடத்தில் பிணியாளரை மறந்து பிணைப்பை மட்டும் வைத்துக்கொண்டதன் விளைவு அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. நம்பிக்கை நீடிக்கலாம், கட்டுதல் நீடிக்கலாகாது என்னும் வேறுபாட்டைச் சங்கரன்கோவில் போன்ற தலங்களின் வழக்குகளை ஆராய்வோரும் கைக்கொள்ள வேண்டியுள்ளது.

முடிவுரை

‘மிரர்ஸ்’ படத்தின் கண்ணாடி, ஒரு சிறுமி பட்ட துன்பத்தின் எச்சம். ‘மிரர்ஸ் 2’ படத்தின் கண்ணாடி, கடையிலுள்ள ஒரு பொருள். தொடர்ச்சி தோற்றது கண்ணாடி பழகிப்போனதால் அன்று, நாற்காலியில் இருந்தவளை மறந்ததால். சங்கரன்கோவில் ஸ்ரீசக்கரக் குழி தன் பொருளை இழக்காதிருப்பது, அங்கே பேய் நினைக்கப்படுவதற்கு முன் அமர்ந்தவர் நினைக்கப்படுவதால். இத்தகைய தலங்களைப் பற்றிய வரலாற்றாய்வு, சக்கரத்தின் சமயப் பொருளை விளக்குவதோடு நில்லாமல், அதில் அமர்ந்தோரையும் அவர்களை அழைத்துவந்த குடும்பங்களையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.