எதிர்பார்ப்பும் குணமும்: 1784ஆம் ஆண்டுப் பாரிஸ் விசாரணை

உளமருத்துவரை நாடிச் செல்பவர் தமது நோயோடு, குணமடைவோம் அல்லது அடையோம் என்னும் எதிர்பார்ப்பையும் உடன் கொண்டு செல்கிறார். அவர் பெறும் பயனில் அவ்வெதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு? உளவியல் தனித்துறையாகத் தோன்றுமுன்னரே இவ்வினா எழுந்ததை நாம் காண்கிறோம்.

வியன்னாவில் மருத்துவம் பயின்ற ஃபிரான்ஸ் அந்தோன் மெஸ்மர் 1778இல் பாரிஸுக்கு வந்தார். உடலில் ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றல் தடைப்படுவதே நோய் என்பது அவர் போதனை. அவரிடம் சென்றோர் வலிப்புற்று விழுந்தனர். பலர் நலமடைந்ததாகவும் கூறினர். முன்னர் 1775இல், பேயோட்டிப் பிணி தீர்த்துவந்த காஸ்னர் என்னும் கத்தோலிக்க குருவைப்பற்றி மியூனிக்கில் மெஸ்மரின் கருத்துக் கேட்கப்பட்டது. குரு தம்மை அறியாமலே காந்தத்தால் குணமாக்குகிறார் என்று அவர் விடையளித்தார். பிறர் விளக்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளியவருக்கும் ஒரு நாள் வந்தது.

1784இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலறிஞர் லவாய்சியேவும் அதில் இருந்தனர். பாஸி என்னுமிடத்தில் ஃபிராங்க்ளினின் இல்லத்தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடரான தெஸ்லோன் காந்தமேற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்களைக் கட்டி, காந்தமேற்றாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றனர். காந்தமேற்றிய மரத்துக்குச் சுமார் 24 அடி தொலைவிலிருந்த நான்காம் மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான்! காந்தமின்றிக் கற்பனை வலிப்பை விளைவிக்கும். கற்பனையின்றிக் காந்தம் எதையும் விளைவிக்காது என்று குழு முடிவு செய்தது.

முடிவு சரியே. ஆயினும் 'கற்பனை' என்று பெயரிட்டதோடு குழுவினர் நின்றுவிட்டதே குறையென நாம் கருதுகிறோம். கற்பனையால் குணமாகுமெனில் அதையே மருந்தாக ஏன் கையாளலாகாது என்னும் கருத்தைத் தெஸ்லோனே வெளியிட்டிருந்தார். அக்கேள்விக்கு அன்று எவரும் செவிசாய்க்கவில்லை.

1961இல் அமெரிக்க உளமருத்துவர் ஜெரோம் ஃபிராங்க், நோயாளியின் சோர்ந்த உள்ளத்தில் நம்பிக்கையை எழுப்புவது எல்லா உளமருத்துவ முறைகளுக்கும் பொதுவான கூறு என்று வாதிட்டார். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்தது. தொடக்கத்தில் நற்பயனை எதிர்பார்த்தோர் ஓரளவு மிகுந்த பயன் பெற்றனர் என அதில் காணப்பட்டது. தொடர்பு சிறிது, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. நோய் கடுமையற்றவரே நம்பிக்கையோடு வந்திருக்கவும் கூடும். பாஸித் தோட்டத்தில் மரத்தை மாற்றிக் காட்டியதுபோல், ஒருவரது எதிர்பார்ப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது உளமருத்துவரின் அறையில் எளிதன்று.