திருப்பூரில் யார் யாரோடு பேசினார்கள்?

பி.காம். படிப்பவர்களுக்குச் சீக்கிரமே கூட்டாண்மை பாடம் வந்துவிடும். லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது, ஒரு கூட்டாளி விலகினால் நற்பெயரை எப்படி மதிப்பிடுவது என்று கணக்குப் போட்டே வருடங்கள் ஓடிவிடும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் 4-வது பிரிவை நிதானமாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கூட்டாண்மை என்பது ஆட்களுக்கு இடையே உள்ள ஓர் உறவு என்றுதான் சட்டமே ஆரம்பிக்கிறது. எழுதிய பத்திரம் கட்டாயமில்லை. பதிவும் கட்டாயமில்லை. (பதிவு செய்யாத கூட்டு, பாக்கி வைத்தவன் மேல் வழக்குப் போட முடியாது. அது 69-வது பிரிவு, தவறாமல் கேட்பார்கள்!) இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்தாலும் சட்டப்படி அது கூட்டுதான்.

இந்தச் சட்டத்தைப் புத்தகத்தில் இல்லாமல் தெருவில் பார்க்க ஆசைப்பட்டால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும்.

சட்டம் வந்த அதே 1932-ல், ஜனவரி 11 அன்று, போலீஸ் தடியடியில் அடிபட்டு உயிர்விட்ட குமரனால்தான் அந்த ஊரின் பெயர் முதலில் நாடு முழுக்கத் தெரிந்தது. அப்போது அது பருத்திச் சந்தை ஊர். பனியன் எந்திரம் அந்தக் காலத்தில்தான் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து எந்திரம் தருவித்து 'பேபி நிட்டிங்' என்ற கம்பெனியைத் தொடங்கியதுதான் ஆரம்பம் என்று ஊர் வரலாறு சொல்பவர்கள் சொல்வார்கள். முதல் தலைமுறை முதலாளிகளில் பல சமூகத்தாரும் இருந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துக் கிராமத்து ஆண்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிய வருடத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு சைக்கிளை மிதித்து வந்தவர்கள்.

கட்டிங் மேசையிலும் தையல் எந்திரத்திலும் உட்கார்ந்த இந்த ஆட்களிலிருந்துதான் பிற்பாடு முதலாளிகள் கிளம்பினார்கள். வேறு ஊர்களில் தொழிலாளி முதலாளி ஆவது சினிமாவில் நடக்கும். திருப்பூரில் அது பக்கத்து வீட்டுக்காரர் கதை. 1990-களில் இங்கே தங்கி ஆராய்ச்சி செய்த ஷரத் சாரி 2004-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'ஃப்ராட்டர்னல் கேப்பிடல்', சகோதர மூலதனம் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படி மேலே வந்தீர்கள் என்று அவர் முதலாளிகளிடம் கேட்கப் போனால், திரும்பத் திரும்ப வந்த பதில் ஒரே சொல்தானாம். உழைப்பு.

உழைப்பு பொய்யில்லை. ஆனால் அதே உழைப்பை உழைத்த எல்லோரும் முதலாளி ஆகிவிடவில்லையே? ஒரே வரிசையில் உட்கார்ந்து ஓவர்லாக் அடித்த பத்துப் பேரில் இரண்டு பேர் மட்டும் தனியாகக் கம்பெனி போட்டார்கள் என்றால், அந்த இரண்டு பேருக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் பேச்சு வருகிறது.

பனியன் தொழிலின் அமைப்பு அப்படி. நூல் வாங்க வேண்டும். அதை நிட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். துணி அங்கிருந்து சாயப் பட்டறைக்குப் போகும், பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில், ஒவ்வொரு ஆளிடம். யாரும் எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும். எந்த நூல் கடைக்காரர் 60 நாள் கடன் தருவார், எந்தக் கம்பெனியில் ஜாப் ஒர்க் காசு ஒழுங்காக வரும், எவன் பில்லை இழுத்தடிப்பான், யார் பழைய எந்திரத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்பதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வராது. டீ டைமில் பேக்கரி வாசலில்தான் வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் வரும். வங்கி மேனேஜர் ஜாமீன் கேட்பார். பேக்கரி வாசலில் கேட்பது வேறு கேள்வி: "நீங்க எந்த ஊருங்க? எந்தக் கூட்டமுங்க?"

கொங்கு வழக்கம் தெரியாதவர்களுக்கு: கவுண்டர்களில் குலத்தைக் கூட்டம் என்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. வேறு கூட்டம் என்றால் மாமன், மச்சான். ஆக முன்பின் தெரியாத இரண்டு பேர் இரண்டு நிமிடத்தில் ஏதோ ஒரு உறவுக்குள் வந்துவிடலாம். உறவு தெரிந்த பின் ஏமாற்றிவிட்டு ஓடுவது கஷ்டம். அடுத்த கல்யாணத்தில் முகத்தைக் காட்ட முடியாது. கடன் கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய ஜாமீன் என்ன வேண்டும்? பங்காளி என்ற சொல்லுக்குள்ளேயே பங்கு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள் :)

இந்த நட்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த வருடம் 1984. பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 127 நாள். நான்கு மாதத்துக்கும் மேலே பனியன் எந்திரம் ஓடாத திருப்பூரைக் கற்பனை செய்து பாருங்கள். வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் பல இடங்களில் ஒரே சாதி, பக்கத்துப் பக்கத்துக் கிராமம். நேற்று வரை மாப்பிள்ளை, பங்காளி என்று கூப்பிட்டவர்கள் கம்பெனி கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

போராட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஒரே கூரைக்குள் எல்லா வேலையும் நடக்கும் கம்பெனிகள் குறைந்து, வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுப்பது பெருகியது. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் சங்கத்தின் தொல்லையும் குறைவு என்பது முதலாளிகளின் கணக்கு. ஆனால் அந்தத் துண்டு வேலைகளை எடுத்துச் செய்ய ஆள் வேண்டுமே? ஏற்கெனவே தொழில் தெரிந்த, நாலு பேரைத் தெரிந்த தொழிலாளிகளே இரண்டு மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்து நாலு எந்திரம் போட்டார்கள். ஒருவருக்குக் கட்டிங் தெரியும், ஒருவருக்கு நூல் கடைக்காரரைத் தெரியும், இன்னொருவருக்கு மாமனார் கொடுத்த பணம் இருக்கும். சண்டை வந்தால் பிரிந்து, வேறு ஒருவரோடு சேர்வார்கள். கேட்டுக்கு வெளியே நின்றவர் சில வருடங்களில் தானே ஒரு கேட் கட்டினார். உள்ளே தன்னிடம் வேலை செய்பவர்களிடம் "நானும் உங்களை மாதிரி டெய்லர்தான்" என்று சொல்ல முடிந்தது. அதுவே கூலியைக் குறைத்துப் பேசவும் உதவியது. நட்புக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு.

1970-களின் கடைசியில் மெல்லத் தொடங்கிய ஏற்றுமதி, இந்தச் சின்னக் கூட்டுகளின் முதுகில் ஏறித்தான் வளர்ந்தது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2023-24-ல் ஏற்றுமதி மட்டும் 30,000 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது.

இது வரைக்கும் கேட்டால் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும். பேச்சு வட்டத்துக்கு வெளியே நின்றவர்களின் கதையையும் பார்க்க வேண்டும்.

அபிஜித் பானர்ஜியும் (ஆமாம், 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர்தான்) கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளின் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து, 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கவுண்டர் முதலாளிகளையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். கவுண்டர்கள் அதிக மூலதனத்தோடு தொடங்குகிறார்கள். வெளியாட்கள் குறைந்த பணத்தில் தொடங்குகிறார்கள், ஆனால் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளிலேயே உற்பத்தியில் முந்திவிடுகிறார்கள். பாடப்புத்தகம் சொல்வது என்ன? பணம் எங்கே அதிகம் சம்பாதிக்குமோ அங்கே ஓடும் என்பதுதானே? இங்கே அப்படி ஓடவில்லை. திறமையாக ஓட்டுகிறவன் கையில் பணம் குறைவு, பங்காளி இருப்பவன் கையில் அதிகம். ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே, தெரிந்த முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நட்பு பணத்தைத் திரட்டவும் செய்தது, வெளியே போகாமல் கட்டியும் வைத்தது.

வெளியிலிருந்து வந்த வியாபாரியாவது ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார். அதே வரிசையில் உட்கார்ந்து தைத்த தலித் தொழிலாளியிடம் எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்தார்கள். அவர்களில் கம்பெனி முதலாளி ஆனவர்கள் மிகக் குறைவு.

பெண்கள்? ஏற்றுமதி பெருகப் பெருக கம்பெனிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். செக்கிங், கைமடி, பிறகு தையல். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்க வேண்டியவர்கள் பேக்கரி வாசலில் எப்போது நிற்பது? எந்த நூல் கடையில் கடன் கிடைக்கும் என்ற செய்தி அவர்கள் காதுக்கு வரவே வழியில்லை. அதைவிட மோசம் சுற்றுவட்டார நூற்பாலை விடுதிகளில் நடந்தது. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி மூன்று வருட ஒப்பந்தத்தில் இளம்பெண்களை எடுத்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வேறு! நெதர்லாந்தின் சோமோ அமைப்பு 2011-ல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. விடுதியை விட்டு வெளியே போகத் தடை, செல்போனுக்குத் தடை, வீட்டாரோடு பேசுவதற்கே கட்டுப்பாடு என்று அதில் பல செய்திகள். திருப்பூர் முதலாளிகளுக்குப் பேச்சின் அருமை நன்றாகத் தெரியும். பேச்சில் பிறந்த ஊர் அது. பேச விட்டால் என்ன ஆகும் என்று நூற்பாலைக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது போல.

2000-க்குப் பிறகு ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் என்று வட மாநிலத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் இல்லாமல் பல கம்பெனிகளில் ஷிப்ட் ஓடாது. அந்தக் காலத்துக் காங்கயத்துக்காரர் போலவே இவர்களும் மழையில்லாத ஊரிலிருந்தோ நிலமில்லாத வீட்டிலிருந்தோ வந்தவர்கள்தான். ஆனால் காங்கயத்துக்காரருக்குப் பக்கத்து எந்திரத்தில் இருந்தவனிடம் பேச மொழி இருந்தது. இவர்களுக்குக் கான்ட்ராக்டர் மட்டும்தான் இருந்தார். சம்பளமும் அவர் வழியாக, அறையும் அவர் வழியாக, சொல்ல வேண்டியதும் அவர் வழியாக. 2020 மே மாதம், ஊரடங்கின்போது, திருப்பூரிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்பியபோதுதான் இத்தனை பேர் இந்த ஊரில் இருந்தார்களா என்று உள்ளூர்க்காரர்களில் பலர் கவனித்தார்கள்.

2023 ஜனவரியில் வேலம்பாளையம் பகுதியில் ஒரு தகராறு. ஆரம்பித்த இடம் ஒரு டீக்கடை. தமிழ்த் தொழிலாளர்களை வட மாநிலத்தவர்கள் துரத்துவது போன்ற வீடியோ செல்போன்களில் பறந்தது. "நம்ம ஊரில் நம்மையே அடிக்கிறார்கள்" என்று பொங்கினார்கள். பழைய நாட்களில் அதே மாதிரி டீக்கடைகளில் கூட்டுக் கம்பெனிகள் பேசி முடிக்கப்பட்டன என்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் தொடக்கத்தில் எதிர்த் திசையில் வீடியோக்கள் கிளம்பின. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வாட்ஸப்பிலும் ட்விட்டரிலும் பரவியது. பிகார் சட்டசபையிலேயே விவகாரம் வெடித்தது. அப்போது தமிழக டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு மறுத்து விளக்கம் கொடுத்தார். ஒரு வீடியோ திருப்பூரில் பிகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல் என்றார். பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் கேட்டுவிட்டுப் போனது. ஆனால் அதற்குள் ஊரிலிருந்து அம்மாவும் மனைவியும் போன் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஹோலி வேறு மார்ச் 8-ல் வந்தது. ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்கள் போனார்கள், பயத்தில் டிக்கெட் எடுத்தவர்களும் போனார்கள். ரயிலடியில் நின்ற கூட்டத்தில் எது பண்டிகை, எது பயம் என்று பிரிக்க முடியவில்லை.

ஒரு வீடியோ பொய் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆளிடம் கேட்டால் போதும். பக்கத்து எந்திரத்தில் இருக்கும் தமிழ் டெய்லரிடம் கேட்கலாம். ஆனால் வருடக்கணக்காக ஒரே கூரையின் கீழே தைத்தும், கேட்கிற அளவுக்குப் பழக்கம் பலருக்கு இல்லை. பாட்னாவிலிருந்து வந்த செய்தி பக்கத்து எந்திரத்தை விடக் கிட்டத்தில் இருந்தது.

அந்த மார்ச் மாதத்தில் திருப்பூர் போலீஸ் இந்தி தெரிந்தவர்களை உட்கார வைத்து உதவி எண் திறந்தது. இந்தியில் துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். கம்பெனி கம்பெனியாகப் போய், மைக் பிடித்து, பயப்பட வேண்டாம் என்று இந்தியில் பேசினார்கள். ஹோலி முடிந்து ஆட்கள் திரும்பினார்கள், எந்திரங்கள் மறுபடி ஓடின. மதியம் டீ வரும்போது மட்டும், பல கம்பெனிகளில் தமிழ் பேசுபவர்கள் ஒரு பக்கமும் இந்தியும் ஒடியாவும் பேசுபவர்கள் இன்னொரு பக்கமுமாக இன்றும் நிற்கிறார்கள்.