பால் கறந்த கையும் அட்டையில் இருந்த பேரும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, குழு தொடங்கிய கதையை நிறைய பேர் எழுதுவார்கள் என்று தெரியும். அதனால் நான் மாடு வளர்த்த வீடுகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நம்மில் பாதிப் பேர் மாட்டுக் கொட்டகை இருந்த வீட்டில் பிறந்தவர்கள்தானே. நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அம்மாவிடம் இப்போதும் இரண்டு கறவை மாடு இருக்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்தது கோட்டூர்புரம். இங்கே மாமியார் வீட்டிலும் ஒரு காலத்தில் ஆறு மாடு கட்டியிருந்தார்களாம்.

கோட்டூர்புரத்தில் மாடா என்று கேட்காதீர்கள். கோட்டூர் என்பதுதான் பழைய பெயர். அடையாற்றுக்குத் தென்கரையில் இருந்த ஒரு கிராமம் அது. வீட்டு வசதி வாரியம் 1961-லும், குடிசை மாற்று வாரியம் 1970-லும் வந்த பிறகுதான் இந்தப் பக்கமெல்லாம் அடுக்கு வீடுகள் எழும்பின. அதற்கு முன்னால் ஆற்றோரம் புல் இருந்தது, மேய்க்க இடம் இருந்தது என்று மாமியார் சொல்வார். மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி எல்லா இடத்திலும் இப்படித்தான். மந்தைவெளி என்ற பேரைப் பாருங்கள், மாட்டு மந்தையும் வெளியும் அதிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்தில் சென்னையில் பால்காரர் பாலைக் கொண்டு வரமாட்டார், மாட்டையே கொண்டு வருவார். வாங்குகிறவர்கள் கண் முன்னால் கறந்து கொடுத்தால்தான் தண்ணி கலக்கவில்லை என்று நம்புவார்கள். கன்னுக்குட்டி செத்துப்போயிருந்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, அதைப் பசுவுக்கு முன்னால் வைத்துக் கறப்பார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பாலை விடும். இதை மாமியார் சொல்லக் கேட்டபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தெருவில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனது மாமனார். ஊருக்குத் தெரிந்தது அவர்தான், "பால்காரர் வீடு" என்றுதான் பேர். ஆனால் விடியற்காலை மூணரை மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கோமியம் கழுவிவிட்டு, வீடு வீடாகப் போய் கழனித் தண்ணி வாங்கி வந்து, தவிடு புண்ணாக்கு ஊறவைத்து, வரட்டி தட்டி விற்றது மாமியார். அப்போது அவருக்கு மூணு சின்னப் பிள்ளைகள். கைக்குழந்தைக்குக் கொட்டகை விட்டத்திலேயே தூளி கட்டிவிடுவார். தவழுகிற பிள்ளையின் இடுப்பில் பழைய புடவையைச் சுற்றி மறுமுனையைத் தூணில் கட்டிவிடுவார். மாடு மிதித்துவிடக் கூடாதே. "ஒரு பக்கம் கன்னு கத்தும், ஒரு பக்கம் புள்ள கத்தும், எதுக்கு முதல்ல போறதுன்னு தெரியாது" என்பார். வருமானம் தருவது மாடு, அதனால் முதலில் கன்னுக்குத்தான் போவாராம். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், கண் மட்டும் சிரிக்காது.

ஊரில் எங்கள் அம்மாவுக்கும் இதே நாள்தான், கொஞ்சம் நீட்டமாக. பசுவுக்கும் நம்மைப் போலவே ஒன்பது மாதமும் பத்து நாளும்தான் சினை. கன்று ஈன்று பல மாதம் கறந்து, அடுத்த ஈத்துக்கு இரண்டு மாதம் முன்பு பாலை வற்றவிட வேண்டும். சினைப்பருவம் 21 நாளைக்கு ஒரு முறை வரும், வந்தால் ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. ராத்திரி மாடு கத்துவதைக் கவனித்து, மறுநாளே சினை ஊசி போட்டால் உண்டு. விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும், அத்தனை நாளும் தீனிச் செலவு நஷ்டம். இதைக் கவனிப்பது யார்? ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்திருக்கிறவள்தான். கோமாரி வந்தால் வாயில் நுரை தள்ளுவதையும், மடி வீங்குவதையும் முதலில் பார்ப்பதும் அவள் கண்தான்.

வீட்டுப் பிள்ளைகளும் வேலை செய்யும். சின்னதுகள் கன்னுக்குட்டியைப் பிடித்துக்கொள்ளும், பெரியது மேய்ச்சலுக்குப் போகும். பெரும்பாலும் பெண் பிள்ளைதான் பள்ளிக்கூடத்தை விடும். இந்த இடத்தில் காங்கேயம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிவியில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கிற பண்ணைக் குடும்பங்களைக் காட்டுகிறார்களே, குதிரை மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டுவார்கள். நம் தமிழ்நாட்டில் அதற்குக் கொஞ்சம் கிட்ட வருவது திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துக் கொறங்காடுதான். சொந்த நிலத்தில் பயிர் வைக்காமல் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நிழலுக்கு வெள்வேல மரத்தை விட்டு, சுற்றிலும் முள்கிளுவை வேலி போட்டிருப்பார்கள். காங்கேயம் மாட்டையும் செம்மறி ஆட்டையும் உள்ளே விட்டு அடைத்துவிட்டால் அதுவாக மேயும். கூடவே ஆள் நிற்க வேண்டாம். எனக்கு இதில் பிடித்தது புல்லோ வேலியோ இல்லை. வேலி இருந்தால் மாட்டுக்குப் பின்னால் ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்பதுதான். நிலம் உள்ளவர்களுக்கு அது முடியும். எங்களைப் போல ஏரிக்கரையிலும் வரப்பிலும் மேய்த்தவர்களுக்குப் பிள்ளைகள்தான் வேலி.

அந்தப் பிள்ளைகளை மாட்டிடமிருந்து கொஞ்சம் இழுத்தது சோறு. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்து, பிறகு ஊர் ஊராக அங்கன்வாடி திறந்தார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். மதியம் பள்ளியில் சாப்பாடு கிடைக்கும் என்றதும் மேய்க்கப் போன பிள்ளைகளில் பலர் வந்தார்கள். பால்வாடியில் சின்னதை விட்டுவிட்டு வந்தால் அம்மாவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கை சும்மா இருக்கும். சும்மா என்றால், புல்லறுக்க என்று அர்த்தம்.

இனி பால் சங்கத்தின் கதை. சென்னையில் கூட்டுறவு முறையில் பால் விற்பது 1927-ல் அயனாவரத்தில் தொடங்கியது. குஜராத்தில் கைரா மாவட்டத்து விவசாயிகள் 1946-ல் சங்கம் வைத்தார்கள், அதுதான் பின்னால் அமுல். 1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அங்கே ஒரு கிராமத்தில் ஒரு ராத்திரி தங்கி மக்களிடம் பேசிப் பார்த்து, நாடு முழுக்க இதே மாதிரி வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு தேசிய பால்வள வாரியம் அமைந்தது, குரியன் தலைமையில். 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. அதன் முதல் கட்டமே டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு நகரங்களுக்கும் கிராமத்துப் பாலைக் கொண்டு வருவதுதான். ஐரோப்பாவில் மிச்சமாகிக் கிடந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் உலக உணவுத் திட்டம் இலவசமாகக் கொடுத்தது. அதை இங்கே பாலாக்கி விற்ற பணத்தில்தான் கிராமங்களில் சங்கம் கட்டினார்கள்.

நகரத்து மாட்டை வெளியே கொண்டு போகவும் முயற்சி நடந்தது. பம்பாயில் ஆரே பால் காலனி இருப்பது போல இங்கே மாதவரத்தில் பால் காலனி வந்தது. இப்போதும் அந்தப் பேர் நிற்கிறது. தமிழ்நாட்டில் பால்வளத் துறை 1958-ல் தனியாக வந்தது, 1981-ல் மாநில அளவில் கூட்டுறவு இணையம் அமைந்தது. நாம் ஆவின் என்று சொல்வது அதைத்தான். மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பண்ணைகளிலிருந்து பாக்கெட் வர வர, கோட்டூர்புரத்தில் வாசலில் மாடு நின்று கறந்த காலம் போய்விட்டது. மாமனார் மாட்டை ஒவ்வொன்றாக விற்றார். மாமியார் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனார்.

ஊரில் கதை வேறு மாதிரி. சங்கம் வந்ததால் பத்து நாளைக்கு ஒரு தடவை பணம் வரும் என்ற நம்பிக்கை வந்தது. அதற்கு முன்னால் டீக்கடைக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது கொழுப்பும் மற்ற சத்தும் எவ்வளவு என்று பார்த்து விலை போடுகிறார்கள். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் சரியாக வைத்தவளுக்குக் காசு கூட வரும். இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது, அதையும் எழுத வேண்டும். முன்பு விற்காமல் மிஞ்சிய பால் வீட்டில் தயிராகும், மோராகும், பிள்ளை குடிக்கும். சங்கம் எவ்வளவு கொண்டு போனாலும் வாங்கும் என்றதும் கடைசிச் சொட்டு வரை கேனில் போய்விட்டது. மாடு இருக்கிற வீட்டில் நாங்கள் வரக்காப்பி குடித்து வளர்ந்தோம். கன்று ஈன்ற நாலு நாள் சீம்பால் கிடைக்கும், அது மட்டும்தான் எங்களுக்குத் திருவிழா. அம்மா ஒரு டம்ளர் ஒளித்து வைத்துக் கடைசித் தம்பிக்குக் கொடுப்பார். அளவு குறைந்தால் அப்பா கேட்பார், அதனால் ஒளிக்க வேண்டியிருந்தது.

அப்பா ஏன் கேட்பார்? அட்டை அவர் பேரில். எங்கள் ஊர் சங்கத்தில் உறுப்பினர் எல்லாம் ஆம்பளைகள். பாலைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பது அம்மா, பட்டுவாடா நாளில் போய் வாங்குவது அப்பா. எங்கள் ஊரில் மட்டும் இல்லை, நாடு முழுக்க அநேக இடத்தில் அப்படித்தான். ஷியாம் பெனகல் 1976-ல் "மந்தன்" என்று ஒரு இந்திப் படம் எடுத்தார். குஜராத்தில் பால் விற்கிற 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு அந்தப் படத்தைத் தயாரித்தார்கள். அதில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு எருமை வளர்க்கிற பெண்ணாக ஸ்மிதா பாட்டீல் வருவார். சினிமாவில் கூட எங்களை ஒருத்தர் பார்த்துவிட்டார், சங்கத்துப் பதிவேடு பார்க்க இன்னும் பத்து வருஷம் ஆனது.

1986-87-ல் மத்திய அரசு பெண்களுக்கான பயிற்சி, வேலைவாய்ப்பு உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் உதவியோடு தமிழ்நாட்டில் பெண்கள் மட்டுமே உறுப்பினராக இருக்கிற பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கங்கள் வந்தன. தலைவரும் பெண், செயலாளரும் பெண். பால் சோதனை செய்வது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்களே. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது, நம் மாதிரி குழுக்களுக்கு அதுதான் ஆரம்பம். 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. குழுக் கடனில் நம் பெண்கள் முதலில் கேட்டது எதை? கறவை மாட்டைத்தான். 2011-ல் தமிழ்நாடு அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுத்தபோது, வருஷத்துக்கு 12,000 மாடு, அதுவும் பெண்கள் பேரில்தான் என்று வைத்தார்கள். அதிகாரி எழுதிய அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று நமக்குத்தான் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு இலவச மாடு வரவில்லை. குழுக் கடனில் ஒரு கலப்பின மாடு வாங்கினார். சங்கத்தில் தன் பேரில் அட்டை கேட்டபோது, "வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கே, எதுக்கு இன்னொண்ணு" என்றார்களாம். குழுப் பெண்கள் ஏழு பேர் கூடவே போய், கடன் யார் பேரில் இருக்கிறதோ அட்டையும் அவர் பேரில்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூணாவது நாள் கிடைத்தது.

நகரத்து மாட்டுக்கு இன்றைக்கு இடம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் தண்ணீர் ஏறியபோது, மீதியிருந்த சில மாடுகளைக் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் ஜனங்கள் மேலே ஓடினார்கள். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியைத் தெருவில் மாடு முட்டித் தூக்கியதை எல்லாரும் செல்போனில் பார்த்தோம். அதன் பிறகு மாநகராட்சி மாட்டைப் பிடிப்பதும் அபராதம் போடுவதும் கூடியது. அந்தக் குழந்தையின் தாயை நினைத்தால் அது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மாட்டை நம்பிக் குழந்தை வளர்க்கிறவளும் ஒருத்தி இருப்பாள். அபராதம் கட்ட அவளும் ஏதாவது குழுவில்தான் கடன் கேட்பாள். மாடு கட்ட இடம் காட்டாமல் தெருவில் விடாதே என்றால் எங்கே கட்டுவது என்று நம் கூட்டத்திலேயே ஒரு அக்கா கேட்டார், யாரிடமும் பதில் இல்லை.

போன தை மாதம் அம்மாவின் மாடு கிடேரிக் கன்று போட்டது. சீம்பாலைப் பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுத்தான் சங்கத்துக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தார். பத்து நாள் பட்டுவாடா இப்போது நேராக அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அப்பா புண்ணாக்கு வாங்கக் காசு வேண்டும் என்றால் அம்மாவிடம் கேட்கிறார்.